மலைப்பாதையில் நடப்பவர்கள் டிராக்கரில் எந்த மோடைப் போடுவது?

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன், குன்னூரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு ஃபிட்னஸ் பேண்ட் வாங்கிக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் அரை மணி நேரம் நடக்கிறான். அம்மா பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டு வழியாக சிம்ஸ் பூங்காப் பக்கம் அதே அரை மணி நேரம் ஏறுகிறார். இரவு போனில் பேசும்போது, "என்னம்மா, இவ்வளவு ஸ்டெப்ஸ்தானா? நான் உனக்கு மேல ஆயிரம் போட்டிருக்கேன்" என்கிறான். "சமதரையில நடக்கிற உனக்கு இந்த ஏத்தம் எப்படிடா தெரியும்? எனக்கு மூச்சு வாங்கிடுச்சு" என்கிறார் அம்மா.

பேண்ட் தப்பாக எண்ணவில்லை. ஏற்றத்தில் நடை நிதானமாகும், அதனால் அதே நேரத்தில் வைக்கும் அடிகள் குறையும். அவர் ஏறினார் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. ‘இப்போது நான் செய்வது இது’ என்று கருவிக்குச் சொல்லும் வழிதான் எக்ஸர்சைஸ் மோட். மலையில் இருப்பவர்களுக்கு இது சமவெளிக்காரர்களைவிட அதிகம் பயன்படும். ஆனால் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அந்தப் பட்டியலைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மோடைத் தொட்டதும் என்ன நடக்கிறது?

கையில் கட்டும் கருவிக்குள் பொதுவாக இருப்பவை இவை. கையின் அசைவை உணரும் ஆக்ஸிலரோமீட்டர் எல்லாவற்றிலும் உண்டு. அடிப்பக்கம் பச்சை விளக்கு மின்னுகிறதே, அது இதயத்துடிப்பு சென்சார். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தத்தின் அளவு ஏறி இறங்குவதால், திரும்பி வரும் ஒளியும் ஏறி இறங்கும். அதை வைத்துத்தான் துடிப்பு எண்ணப்படுகிறது. சற்று விலை கூடிய மாடல்களில் ஜிபிஎஸ்ஸும், காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டரும் சேர்ந்திருக்கும்.

சும்மா கட்டியிருக்கும்போது இவை எல்லாம் முழு வேகத்தில் இயங்குவதில்லை. இயங்கினால் ஒரே நாளில் சார்ஜ் தீர்ந்துவிடும். சில பேண்டுகளில் இதயத்துடிப்பை 1, 5, 10 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று செட்டிங்ஸில் நாமே வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்திருந்தால், பத்து நிமிட ஏற்றத்தில் துடிப்பு 90லிருந்து 140க்கு எகிறி இறங்கியது அதன் கண்ணிலேயே படாமல் போகலாம். மோடைத் தொடங்கியதும் பச்சை விளக்கு விடாமல் எரியும், துடிப்பு இடைவெளியின்றிப் பதிவாகும். வெளியில் செய்யும் பயிற்சி என்றால் ஜிபிஎஸ் விழித்துக்கொள்ளும்.

அடுத்தது, வந்த தகவலை எப்படிப் படிப்பது என்பது. ஒரே மாதிரியான கையசைவு நடையாகவும் இருக்கலாம், மாவு பிசைவதாகவும் இருக்கலாம். ‘வாக்கிங்’ என்று சொன்னால் கருவி அதை நடையாகப் படிக்கும். ‘சைக்கிளிங்’ என்று சொன்னால் அடிகளைப் பின்னுக்குத் தள்ளி வேகத்தையும் தூரத்தையும் முன்னால் கொண்டுவரும். கலோரிக் கணக்கும் மோடைப் பொறுத்து மாறும். எந்தச் செயலுக்கு எவ்வளவு சக்தி செலவாகும் என்பதற்கு மெட் என்றொரு அளவு உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். 1993-இல் முதன்முதலாக வெளியாகி, பின்னர் பலமுறை திருத்தப்பட்ட ஒரு பெரிய அட்டவணையே இதற்கு இருக்கிறது. உங்கள் எடை, வயது, இதயத்துடிப்பு ஆகியவற்றோடு இப்படிப்பட்ட மதிப்பீடுகளையும் கலந்துதான் பெரும்பாலான கருவிகள் கலோரியைச் சொல்கின்றன. எந்த நிறுவனம் எதை எவ்வளவு கலக்கிறது என்பதை வெளியே சொல்வதில்லை. ஆகவே கலோரி எண்ணைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாக்கிங்கா, ஹைக்கிங்கா?

மலைவாசிகளுக்கு இதுதான் முக்கியமான கேள்வி. ‘ஹைக்கிங் என்றால் பெரிய பை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போவது, நாம் போவது மார்க்கெட்டுக்குத்தானே’ என்று பலரும் அந்த மோடைத் தொடுவதே இல்லை. கருவிக்கு உங்கள் பையும் தெரியாது, நீங்கள் போகும் இடமும் தெரியாது. வழியில் ஏற்றம் கணிசமாக இருக்கிறதா என்பது மட்டும்தான் விஷயம். பல கருவிகளில் ஹைக்கிங் மோடைப் போட்டால் எத்தனை மீட்டர் ஏறினீர்கள், எத்தனை மீட்டர் இறங்கினீர்கள் என்பது திரையிலேயே வரும். பாதையின் உயர வரைபடமும் பதிவாகும்.

ஏற்றத்தை ஏன் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும்? ஒரு கணக்கைப் பார்ப்போம். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் வகுத்த நடைச் சூத்திரம் உடற்பயிற்சித் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அதன்படி சமதரையில் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது சுமார் 2.9 மெட். அதே வேகத்தில் 10 சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டர் முன்னே போனால் 10 மீட்டர் மேலே ஏறும் பாதையில் நடந்தால், சுமார் 6.3 மெட். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு மணி நேரத்துக்கு முதலாவது 175 கலோரி, இரண்டாவது 380 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மடங்குக்கும் மேல்.

தூரம் எவ்வளவு கூடியது தெரியுமா? வரைபடத்தில் 1,000 மீட்டராகத் தெரியும் பாதை, 10 சதவீதச் சரிவில் 1,005 மீட்டர். ஐந்தே மீட்டர்! உழைப்பு இரட்டிப்பாகிறது, தூரம் நகரவே இல்லை, அடிகளின் எண்ணிக்கையும் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. அடிகளையும் தூரத்தையும் மட்டும் பார்த்து ‘இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை’ என்று ஒரு மலைக்காரர் வருத்தப்படுவதில் நியாயமே இல்லை. குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீட்டு வாசலை விட்டு இறங்கினாலே படிக்கட்டும் ஏற்றமும்தான். இங்கே தினசரி இலக்கை அடிகளில் வைப்பதைவிட, ஏறிய மீட்டர்களிலும் துடிப்பு உயர்ந்திருந்த நிமிடங்களிலும் வைப்பதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படியென்றால் வாக்கிங் மோடு மலையில் வேண்டவே வேண்டாமா? வேண்டும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சுமார் 5 கிலோமீட்டர் நடக்கிறார்களே, அது 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருந்தாலும் பாதை ஏறத்தாழ சமதரை. அதற்கு வாக்கிங் மோடே போதும். கோக்கர்ஸ் வாக்கும் அப்படித்தான். அதே கொடைக்கானலில் வட்டக்கானல் பக்கம் டால்பின் நோஸுக்கு இறங்கி ஏறுகிறவர்கள் ஹைக்கிங்கைப் போட வேண்டும். ஊரைப் பார்க்காதீர்கள், பாதையைப் பாருங்கள்.

இறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிதமான இறக்கத்தில் சமதரையைவிடக் குறைந்த சக்தியில் நடந்துவிடலாம். துடிப்பும் தாழ்ந்தே இருக்கும். அதனால் கருவி ‘இலேசான பயிற்சி’ என்று எழுதிவிடும். ஆனால் தொடையின் முன்பக்கத் தசைகள் ஒவ்வொரு அடியிலும் உடலைத் தாங்கிப் பிடித்துத்தான் இறக்குகின்றன. மறுநாள் மாடிப்படி இறங்கும்போது வலிப்பது அதனால்தான். இந்த வேலையை அளக்க மணிக்கட்டில் சென்சார் கிடையாது. முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள், இறக்கத்தில் துடிப்பு குறைவாகக் காட்டுகிறதே என்று வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

ஜிபிஎஸ்ஸும் உயரமும்

எஸ்டேட் பக்கம் போனால் டவர் கிடைக்காது, அதனால் ஜிபிஎஸ்ஸும் வேலை செய்யாது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டியதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து நேரடியாகச் சிக்னல் வருகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிந்தால் இடம் கிடைத்துவிடும். இணையம் இருந்தால் முதல் முறை பிடிப்பது வேகமாக நடக்கும், அவ்வளவுதான். டவர் இல்லாத இடத்தில் திறந்த வெளியில் ஓரிரு நிமிடம் நின்று, ஜிபிஎஸ் பிடித்துவிட்டது என்று கருவி காட்டிய பிறகு ஸ்டார்ட்டை அழுத்துங்கள். அவசரத்தில் நடந்துகொண்டே அழுத்தினால் முதல் சில நூறு மீட்டர் கோணல்மாணலாகப் பதிவாகும்.

மலைச்சரிவில் இன்னொரு சிக்கல். ஒரு பக்கம் மலை எழுந்து நின்று பாதி வானத்தை மறைத்துவிடும். அடர்ந்த கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களுக்கு நடுவிலும் சோலைக்குள்ளும் சிக்னல் வலுவிழக்கும். பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னலும் கணக்கைக் கெடுக்கும். வீட்டுக்கு வந்து மேப்பைப் பார்த்தால் நீங்கள் பள்ளத்தாக்கின் மேல் பறந்தது போலக் கோடு போயிருக்கும். கருவி கெட்டுவிடவில்லை, பயப்பட வேண்டாம்.

விலை குறைந்த பேண்டுகளில் சொந்தமாக ஜிபிஎஸ் இருக்காது, போனில் உள்ளதைக் கடன் வாங்கிக்கொள்ளும். போன் உங்களோடு இருக்க வேண்டும், ப்ளூடூத் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அந்த ஆப்புக்கு லொகேஷன் அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கருவி தூரத்தை அடிகளிலிருந்து ஊகிக்கும். உங்கள் உயரத்தை வைத்து ஓர் எட்டு, அதாவது ஒரு காலடியின் நீளம், இத்தனை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு பெருக்கும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு எட்டு சுமார் 66 சென்டிமீட்டர் என்று அது நினைக்கலாம். செங்குத்தான ஏற்றத்தில் அவர் எட்டு 50 சென்டிமீட்டராகக் குறுகியிருந்தால், 3,000 காலடிகளுக்கு உண்மையில் நடந்தது ஒன்றரை கிலோமீட்டர். கருவி காட்டுவதோ கிட்டத்தட்ட 2.

உயரத்தைப் பொறுத்தவரை ஜிபிஎஸ்ஸைவிட பாரோமீட்டரே நம்பகமானது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். கடல் மட்டத்தருகே ஏறத்தாழ 8 மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு), நம் மலையுயரத்தில் ஏறத்தாழ 10 மீட்டருக்கு 1. சில மீட்டர் ஏறியதைக்கூட இதனால் கண்டுபிடிக்க முடியும். ‘இத்தனை மாடி ஏறினீர்கள்’ என்று உங்கள் கருவி சொல்கிறதென்றால் உள்ளே பாரோமீட்டர் இருக்கிறது என்று ஊகிக்கலாம். பொதுவாக 3 மீட்டர் ஏறினால் ஒரு மாடி என்று கணக்கு.

ஆனால் வானிலை மாறினாலும் அழுத்தம் மாறும். அழுத்தம் 2 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் உங்களை 20 மீட்டர் ஏறியதாகக் கருவி நினைக்கும். மழை மேகம் திரளும் நாட்களில் உயரக் கணக்கு நழுவுவதற்கு இதுதான் காரணம். உயரத்தைக் கையால் திருத்தும் வசதி உங்கள் கருவியில் இருந்தால், நீலகிரியில் இருப்பவர்களுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. மலை ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கும். அங்கே நின்று அந்த எண்ணைக் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.

குளிர், உயரம், இதயத்துடிப்பு

டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் ஊட்டியில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது பயிற்சியைத் தொடங்கினால், முதல் பத்து நிமிடம் துடிப்பு எண் தாறுமாறாக இருக்கலாம். குளிரில் தோலுக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பச்சை ஒளிக்குப் படிக்க ஒன்றும் கிடைக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் சில கருவிகள் அடிகளின் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. நிதானமாக நடக்கும்போதே 120, 130 என்று ஒரே எண்ணில் நின்றால் சந்தேகப்படுங்கள். ஸ்ட்ராப்பை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே தள்ளி, நகராத அளவுக்கு இறுக்கி, அதன்மேல் ஸ்வெட்டர் கையை இழுத்து விடுங்கள். வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கைகால் அசைத்துச் சூடேறிய பிறகு ஸ்டார்ட் கொடுத்தால் இன்னும் நல்லது.

சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் ‘இங்கே வந்தால் துடிப்பு கூடுதலாகக் காட்டுகிறதே’ என்று கேட்பார்கள். அது சரியாகத்தான் காட்டுகிறது. சுமார் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அதே அளவுக்குக் குறைவு. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேக நேரமெடுப்பதும் இதே அழுத்தக் குறைவால்தான். ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. வந்த முதல் ஓரிரு நாள் அவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. 2,637 மீட்டர் உள்ள தொட்டபெட்டாவில் ஏறுவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மோடு ஓடும்போது திரையில் வரும் ஜோன் நிறங்கள், அதாவது துடிப்பு எந்த அளவுக்கு உயர்ந்திருக்கிறது என்று காட்டும் பிரிவுகள், பெரும்பாலும் 220லிருந்து வயதைக் கழித்து வரும் அதிகபட்சத் துடிப்பை வைத்துப் போடப்படுபவை. 50 வயதுக்காரருக்கு 170. இது சராசரிக் கணக்கு. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு எளிதாக மாறும். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனொலால், மெட்டோப்ரொலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஜோன் பொருந்தவே பொருந்தாது. அந்த மாத்திரைகளே துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். நீங்கள் திணறிக்கொண்டிருக்கும்போதும் கருவி ‘இன்னும் வேகம்’ என்று தூண்டலாம். அதைக் கேட்காதீர்கள். நடந்துகொண்டே பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்து பாட முடியாமல் இருந்தால் அது மிதமான பயிற்சி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது இந்த அளவைத்தான். எந்த அளவு வரை போகலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மோடுகள்

மழைக்காலத்தில் வெளியே போக முடியாமல் ஹாலிலும் வராந்தாவிலும் நடக்கிறவர்கள் ‘இன்டோர் வாக்’ போட வேண்டும். ‘அவுட்டோர் வாக்’ போட்டால் கூரைக்கடியில் ஜிபிஎஸ் தேடித்தேடி சார்ஜ்தான் வீணாகும், தூரமும் தப்பாக வரும். யோகாவுக்கும் டம்பெல்லுக்கும் தனி மோடு உண்டு. அவற்றில் நேரமும் துடிப்பும்தான் முக்கியம். ஷட்டில் ஆடுகிறவர்கள் ராக்கெட் பிடிக்காத கையில் கட்டிக்கொள்ளலாம். சைக்கிளில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறவர்கள் சராசரி வேகத்தைப் பார்த்து மகிழ்வதற்கு முன் துடிப்பையும் ஒருமுறை பார்க்கலாம்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குப் பட்டியலில் எதுவுமே இல்லை. கொழுந்து பறிக்கும் அக்காக்கள் செடி வரிசைக்கு நடுவே சரிவில் நின்று, இரண்டு கைகளாலும் பறித்து, முதுகிலோ தலையிலோ சுமையோடு ஏறி இறங்குகிறார்கள். கை ஓயாமல் அசைகிறது, ஆனால் அது நடையின் அசைவு அல்ல. கால் ஏறுகிறது, கை சுமையைப் பிடித்திருப்பதால் அந்த அடி கணக்கில் விழுவதில்லை. கையில் பை தூக்கிக்கொண்டு மார்க்கெட்டிலிருந்து ஏறும்போதும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும்போதும், ஊன்றுகோல் பிடித்து நடக்கும்போதும் இதேதான். இவர்கள் ‘அதர்’ அல்லது ‘ஃப்ரீ டிரெய்னிங்’ என்று இருப்பதைப் போட்டுக்கொண்டால், குறைந்தபட்சம் துடிப்பு விடாமல் பதிவாகும். ஒரு நாள் உழைப்பு முழுக்கச் சில நூறு அடிகளாகச் சுருங்கிப்போகாது. எங்கோ ஒரு ஜிம்மை மனதில் வைத்துத் தயாரித்த பட்டியல் இது. உலகத்தின் கடினமான வேலைகள் அதற்குள் இன்னும் வரவில்லை.

‘நடக்க ஆரம்பித்தால் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்றார்களே’ என்று கேட்கலாம். அந்த வசதி பல கருவிகளில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடம் விடாமல் ஒரே மாதிரி அசைந்தால்தான் அது நம்பும். ஏற்றத்தில் யார் அப்படி நடக்கிறார்கள்? வளைவில் நின்று மூச்சு வாங்குவோம், எதிரில் வருபவரிடம் இரண்டு வார்த்தை பேசுவோம், டீக்கடையைப் பார்த்தால் உட்காருவோம். தவிர, தானாகக் கண்டுபிடித்த நடைக்குப் பல கருவிகளில் வரைபடம் வராது. கையால் தொடங்குவதே மேல். ஆட்டோ பாஸ் என்றொரு வசதியும் உண்டு, நாம் நின்றால் பதிவும் தானே நின்றுவிடும். செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக நகரும்போது அது ‘நின்றுவிட்டார்’ என்று முடிவுகட்டக்கூடும். மலையில் அதை அணைத்துவையுங்கள்.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். விடியலிலும் அந்தியிலும் பனிமூட்டத்துக்குள் காட்டுமாடு பாதையோரத்தில் அசையாமல் நிற்பது குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வழக்கமான விஷயம். திரையைப் பார்த்துக்கொண்டே நடப்பது இங்கே ஆபத்து. ஒரு கிலோமீட்டருக்கு ஒருமுறை அதிர்வு வரும்படி வைத்துவிட்டு, கண்ணைப் பாதையிலேயே வையுங்கள். காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதியோடு போங்கள். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் கோத்தகிரியின் லாங்வுட் சோலை போன்ற பாதைகளும் இருக்கின்றன. நீண்ட பாதையில் ஜிபிஎஸ் சார்ஜைக் குடிக்கும். முழு சார்ஜோடு கிளம்புங்கள்.

நடை முடிந்ததும் ஸ்டாப்பை அழுத்தி சேவ் செய்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். மறந்துவிட்டால், மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் உங்கள் நடைக்கணக்கில் சேர்ந்துவிடும். வேகம், தூரம், இறங்கிய மீட்டர் எல்லாம் குழம்பி, அந்த வாரத்தின் சராசரியே பயனற்றுப் போகும். அப்படி ஆகிவிட்டால் சில ஆப்புகளில் பின்பகுதியை வெட்டியெடுக்கலாம், இல்லையென்றால் அந்தப் பதிவையே நீக்கிவிடுங்கள். வாக்கிங்குக்குப் பதில் ரன்னிங் போட்டுவிட்டீர்கள் என்றால் பயிற்சியின் வகையைப் பிறகு மாற்ற சில ஆப்புகள் அனுமதிக்கின்றன. ஆனால் இன்டோர் மோடில் நடந்த நடைக்கு வரைபடத்தைப் பிறகு வரவழைக்க முடியாது. அன்றைக்கு ஜிபிஎஸ் விழிக்கவே இல்லையே.